முப்பது இருக்கைகள்: எல்லையோரத் தேநீர்க்கடையும் புகைத்தடையின் வரலாறும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் கர்நாடகத்தின் கடைசி ஊர் அத்திபெலே. அதைத் தாண்டினால் ஜூஜூவாடி; அது தமிழ்நாடு. சாலையின் இருபுறமும் ஒரே மாதிரியான தேநீர்க்கடைகள், ஒரே மாதிரியான தாபாக்கள். அவற்றில் ஒலிக்கும் கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது ஆகியவற்றின் கலவைகூட ஏறத்தாழ ஒன்றே. ஆனால் 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து இக்குறுகிய தொலைவு ஒரு விசித்திரமான சட்ட எல்லையாகியிருக்கிறது. அத்திபெலேயில் பொது இடத்தில் புகைபிடிப்பவருக்கு விதிக்கத்தக்க அபராதம் 1000 ரூபாய் வரை. ஜூஜூவாடியில் நடுவண் சட்டத்தின் பழைய 200 ரூபாய். எல்லைக்குத் தெற்கே 18 வயது நிறைந்தவருக்குச் சிகரெட் விற்கலாம். வடக்கே 21 நிறைந்திருக்க வேண்டும். சிப்காட்டில் பணிபுரிந்து அத்திபெலேயில் அறையெடுத்துத் தங்கும் 20 வயது இளைஞர், வேலைக்குப் போகையில் புகையிலை வாங்கும் தகுதி பெற்றவராகவும் அறைக்குத் திரும்புகையில் அதை இழந்தவராகவும் ஆகிறார்.

இவ்வேடிக்கையை முன்வைத்துச் சற்றுப் பெரிய கேள்விக்குச் செல்ல விரும்புகிறேன். புகைத்தடை பற்றிய விவாதங்களில் ஒரு வினா தவறாமல் எழும்: ‘தடை உணவகத் தொழிலைப் பாதிக்கிறதா?’ ஆம் என்போர் உண்டு. இல்லை என்போர் உண்டு. இரு தரப்பிலும் எண்கள் உண்டு. என் கருத்தில், இந்தியச் சூழலில் இவ்வினாவே பிழையாகக் கட்டப்பட்டது. ‘உணவகத் தொழில்’ என்றொரு முழுமை இங்கே இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதை இரண்டாகப் பிளந்தது. அப்பிளவின் அளவுகோல், முப்பது இருக்கைகள். தடையின் சுமை யார்மீது இறங்கியது, யார் அதை விலை கொடுத்து விலக்கிக்கொண்டனர் என்பதற்கான விடை அந்த எண்ணில்தான் இருக்கிறது.

அத்திபெலே எல்லைக்கு இத்தகைய அனுபவம் புதிதன்று. சுதந்திரத்துக்கு முன் இது மைசூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்துக்குமான எல்லை. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, மாகாணப் பிரதமராக 1937 அக்டோபர் 1ஆம் நாள் மதுவிலக்கை முதலில் நடைமுறைப்படுத்தியது அவரது சொந்தச் சேலம் மாவட்டத்தில்தான். அன்று ஓசூர் வட்டம் அம்மாவட்டத்தில் அடக்கம். எனவே ஒரு பழக்கம் ஒருபுறம் குற்றமாகவும் மறுபுறம் அரசின் வருவாயாகவும் இருக்கும் நிலை இப்பகுதிக்கு ஒரு நூற்றாண்டுக்குச் சற்றே குறைவான வயதுடையது. ஒழுக்கச் சட்டங்களை ஆராய்வோர் தலைநகரங்களின் ஆவணக் காப்பகங்களோடு நின்றுவிடுகின்றனர். எல்லையோரத் தேநீர்க்கடை எனக்கு மேலான ஆவணமாகத் தோன்றுகிறது.

புகையிலை இந்தியாவுக்குள் விருந்தோம்பலின் பொருளாகவே நுழைந்தது. அக்பரின் அவைக்குப் புகையிலையைக் கொண்டு சென்றவர் அசத் பேக். அவர் அதைப் பெற்றது இன்றைய கர்நாடகத்திலுள்ள பீஜப்பூரில். அரசருக்குரிய அன்பளிப்பாக, அலங்கரிக்கப்பட்ட குழாயோடு அது வழங்கப்பட்டது. அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617இல் புகைபிடித்தலைத் தடை செய்தார். உஸ்மானியப் பேரரசில் நான்காம் முராத் 1633இல் புகையிலையைத் தடை செய்தபோது காப்பிக்கடைகளையும் சேர்த்தே மூடினார். இந்த இணைப்பு கவனிக்கத்தக்கது. புகையைவிட அதைச் சூழ்ந்து கூடும் கூட்டமே ஆட்சியாளர்களுக்கு அச்சமூட்டியது. கூட்டம் கூடும் இடமோ உணவு விடுதி. தமிழில் சீனிச் சர்க்கரைப் புலவர் ‘புகையிலை விடு தூது’ பாடியதும், அதை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்ததும் நம் மாணவர்கள் அறிந்தவை. வெற்றிலைத் தட்டில் பாக்கோடும் சுண்ணாம்போடும் புகையிலை இடம்பெற்ற சமூகத்தில்தான் அப்படியொரு நூல் பிறக்க முடியும். வந்தவருக்குத் தட்டை நீட்டுவது மரியாதை. அந்த மரியாதையின் தொடர்ச்சியே பிற்காலத்தில் ஓட்டல் மேசைமீது வைக்கப்பட்ட சாம்பல் கிண்ணம் என்பது என் எண்ணம்.

நவீனச் சட்டம் இவ்விவகாரத்தில் முதலில் கையாண்ட கருத்து, சம்மதம். 1890ஆம் ஆண்டின் இந்திய இரயில்வே சட்டப்படி, உடன் பயணிப்போரின் சம்மதமின்றி ஒரு பெட்டியில் புகைபிடித்தால் 20 ரூபாய் வரை அபராதம். புகைபிடிப்பதற்கென ஒதுக்கிய பெட்டிக்கு விலக்கு. 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டமும் இதே மனநிலையை ஓரளவு தக்கவைத்தது: சக பயணி ஆட்சேபித்தால் குற்றம், அபராதம் 100 ரூபாய் வரை. அதாவது, எதிரில் அமர்ந்திருப்பவரைக் கேட்டுக்கொள். அவருக்குத் தடையில்லையெனில் அரசுக்கும் தடையில்லை. எளியவர் வலியவரிடம் ஆட்சேபிப்பது எவ்வளவு நடைமுறைக்குரியது என்பதைச் சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. நம் சாதிப் படிநிலையில், இரயில் பெட்டியில், ஒருவர் மற்றவரைப் பார்த்து ‘அணையுங்கள்’ என்று சொல்வதற்கான சமூக விலை எவ்வளவென்று நாம் அறிவோம். மைசூர் மாநிலத்தில் 1963இல் காட்சிக்கூடங்களிலும் பொது மண்டபங்களிலும் புகைபிடித்தலைத் தடைசெய்யும் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. கட்டணம் பெற்று மக்களை அமர்த்தும் ஒரு தொழிலின் கூரைக்குள் சட்டம் நேரடியாக நுழைந்தது அவ்வாறு. ஆனால் உணவகம் தொடப்படவில்லை.

சம்மதத்தின் இடத்தில் உரிமையை வைத்தது 1999 ஜூலை 12ஆம் நாள் கேரள உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. அமர்வுக்குத் தலைமை தாங்கிய நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் தமிழர், உடனிருந்தவர் நீதிபதி கே. நாராயண குருப். பொது இடத்தில் புகைபிடித்தல் சட்டத்துக்கும் அரசமைப்புக்கும் புறம்பானது என்றும், அருகிலிருப்பவரின் உயிர்வாழும் உரிமையை அது பறிக்கிறது என்றும், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கீழ் அது பொதுத் தொல்லை என்றும் அமர்வு அறிவித்தது. புதிய சட்டம் ஏதும் இயற்றப்படாமல், 19ஆம் நூற்றாண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொண்டே ஒரு மாநிலம் முழுவதற்குமான தடை உருவானது. சட்ட வரலாற்று மாணவர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய தீர்ப்பு இது.

2001 நவம்பர் 2ஆம் நாள், முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. ஆனால் அந்த ஆணையின் பட்டியலைக் கவனியுங்கள்: அரங்குகள், மருத்துவமனைக் கட்டடங்கள், நலவாழ்வு நிறுவனங்கள், கல்வி நிறுவனங்கள், நூலகங்கள், நீதிமன்றங்கள், பொது அலுவலகங்கள், இரயில் உட்பட்ட பொது ஊர்திகள். உணவகம் இல்லை, விடுதி இல்லை, மதுக்கூடம் இல்லை. வழக்கமான வரலாற்றெழுத்து இத்தீர்ப்பை ஒரு மைல்கல்லாகக் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிடும். நான் அப்பட்டியலின் இடைவெளியில் நிற்க விரும்புகிறேன். அரசின் கட்டடங்களும் அரசு மானியம் பெறும் கட்டடங்களுமே பெரும்பாலும் அதில் உள்ளன. தனியார் வணிகத்தின் மேசைக்கு அருகே வந்தபோது ஆணை நின்றுவிட்டது.

அந்த இடைவெளியை நிரப்பியது 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம். 2004 மே 1ஆம் நாள் அதன் முதன்மைப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. நான்காம் பிரிவு பொது இடத்தில் புகைபிடித்தலைத் தடை செய்தது. பொது இடம் என்பதன் வரையறையில் உணவகமும் சேர்க்கப்பட்டது. கூடவே ஒரு வரம்புரை வந்தது: முப்பது அறைகள் கொண்ட விடுதி, முப்பது பேருக்கோ அதற்கு மேலோ இருக்கை வசதியுள்ள உணவகம், விமான நிலையம் ஆகியவற்றில் புகைபிடிக்கத் தனி இடம் ஒதுக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் அது உரிமையின் மொழியில் தொடங்கிய சட்டத்துக்குள் சதுர அடியின் மொழியைக் கொண்டுவந்தது. 29 இருக்கைகள் கொண்ட மெஸ்ஸின் உரிமையாளருக்கு இல்லாத தெரிவு, 30 இருக்கைகள் கொண்ட உணவகத்தின் உரிமையாளருக்கு உண்டு. அருகிலிருப்பவரின் நுரையீரல் இரண்டு இடங்களிலும் ஒன்றே என்பதால், நலவாழ்வுத் தர்க்கம் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்க இயலாது. தொழிலின் அளவைக் கொண்டே விளக்க வேண்டும்.

தொழிலின் அளவு என்று வரும்போது இந்தியாவில் ஒரு தனித்த உண்மை உண்டு. 1910இல் கல்கத்தாவில் ‘இம்பீரியல் டொபாக்கோ’ என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், பிற்காலத்தில் ஐடிசி என்று சுருங்கிய பெயரோடு, 1975இல் விடுதித் தொழிலில் இறங்கியது. அதன் முதல் விடுதி நம் சென்னையின் கதீட்ரல் சாலையில் திறக்கப்பட்ட ‘சோழா’. பேரரசின் பெயர் தாங்கிய அவ்விடுதியின் பின்னே சிகரெட் விற்ற பணம் இருந்தது. உலகின் பிற நாடுகளில் சிகரெட் நிறுவனங்கள் விடுதிச் சங்கங்களைத் தம் பக்கம் இழுக்கப் பாடுபட வேண்டியிருந்தது. பிலிப் மாரிஸ் நிறுவனம் 1990களில் ‘இணங்கிப் போதல்’ என்னும் கருத்தில் திட்டங்கள் வகுத்து, புகைப்பவர், புகைக்காதவர் என இரு பகுதிகளாக உணவகங்களைப் பிரிக்கும் யோசனையை விடுதி உரிமையாளர்கள் வாயிலாகப் பரப்பியதை அந்நிறுவனத்தின் உள்ஆவணங்களைக் கொண்டே ஆய்வாளர்கள் பின்னர் வெளிக்கொணர்ந்தனர். இந்தியாவிலோ சிகரெட்டின் முதன்மை உற்பத்தியாளரும் நட்சத்திர விடுதிகளின் பெரும் உரிமையாளர்களுள் ஒருவரும் ஒரே நிறுவனம். 2008இல் புதிய விதிகளை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களுள் ஐடிசியும் விடுதி உரிமையாளர் அமைப்பும் இருந்ததில் வியப்பில்லை. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. விதிகள் அக்டோபர் 2ஆம் நாள், காந்தி பிறந்தநாளில், நடைமுறைக்கு வந்தன. அப்போது நலவாழ்வுத்துறை அமைச்சர் அன்புமணி ராமதாஸ். (2025 ஜனவரியில் விடுதிப் பிரிவைத் தனி நிறுவனமாக ஐடிசி பிரித்துவிட்டது. அரை நூற்றாண்டு வாழ்ந்த கூட்டுக் குடும்பம் தனிக்குடித்தனம் போனது போல.)

2008ஆம் ஆண்டின் விதிகளைப் பெரும்பாலோர் ‘நாடு தழுவிய தடை’ என்று மட்டும் நினைவில் வைத்திருக்கின்றனர். அவ்விதிகளின் நுட்பங்கள் சுவையானவை. புகைபிடிக்கும் அறை நான்கு புறமும் முழு உயரச் சுவர் கொண்டதாக இருக்க வேண்டும். கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். உள்ளிருக்கும் காற்று மற்றப் பகுதிகளுக்குத் திரும்பாமல் நேரே வெளியே செலுத்தப்பட வேண்டும். சுற்றியுள்ள பகுதியைவிட அறைக்குள் காற்றழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். இவற்றைச் செய்ய ஒரு கட்டட வரைவாளர் வேண்டும், குளிர்சாதனப் பொறியாளர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, அமரும் மேசைகளை அகற்றிவிட்டு ஒதுக்கத்தக்க உபரி இடம் வேண்டும். முப்பது இருக்கைகள் என்பது சட்டத்தின் கணக்கு. நடைமுறைக் கணக்கில் அது நூறைத் தாண்டும். நெடுஞ்சாலையோரத்துப் பிரியாணிக் கடையில் நாற்பது பேர் அமரலாம். தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையே ஒரு முழம் திறந்தவெளி இருக்கும் அக்கடையில் காற்றழுத்தத்தை எங்கே குறைப்பது?

இன்னொரு நுட்பம் இதைவிட முக்கியமானது. தாய்ச்சட்டம் பொது இடத்தின் வரையறையிலிருந்து திறந்தவெளியை விலக்கியிருந்தது. 2008ஆம் ஆண்டின் விதிகளோ ‘உணவகம்’ என்பதை வரையறுக்கும்போது, உணவோ பானமோ விலைக்கு வழங்கி அங்கேயே உண்ண விடும் எந்த இடமும் உணவகம் என்றும், அதைச் சூழ்ந்த திறந்தவெளியும் அதில் அடங்கும் என்றும் கூறின. இதன்படி தேநீர்க்கடை உணவகம். அதன் முன்னேயுள்ள பலகையும் உணவகம். பலகையைச் சுற்றி நிற்கும் நிலமும் உணவகம். ஆனால் 2008க்குப் பிறகு பெங்களூரின் அலுவலகங்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் காப்பியகங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட புகை எங்கே போனது? துல்லியமாக அந்நிலத்துக்குத்தான். ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியின் வாயில்களுக்கு எதிரே, பொம்மசந்திராவில், அத்திபெலே தொழிற்பேட்டையில், ‘காண்டிமென்ட்ஸ்’ என்றும் ‘பேக்கரி’ என்றும் பெயர்ப்பலகை தாங்கிய கடைகளின் முன்னே, ஒரு கையில் தேநீரும் மறு கையில் சிகரெட்டுமாக நிற்கும் கூட்டம் இத்தடையால் பெருகியது. பெரிய கட்டடங்கள் தம் சட்டக் கடமையைச் செவ்வனே நிறைவேற்றின. அதன் விளைவைப் பெற்றுக்கொண்டது சிறிய கடையின் வாசல். தடை புகையை அழிக்கவில்லை, இடம் மாற்றியது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். இடம் மாறியபோது குற்றப்பொறுப்பும் சேர்ந்தே மாறியது என்பதே நான் வலியுறுத்த விரும்புவது.

ஏனெனில் விதிகள் உரிமையாளரையே காவலராக்கின. நுழைவாயிலில் 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவுக்குக் குறையாத எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். சாம்பல் கிண்ணமோ தீப்பெட்டியோ லைட்டரோ, புகைக்க உதவும் பிற எதுவுமோ வழங்கலாகாது. புகாரைப் பெறுபவரின் பெயரை அறிவிக்க வேண்டும். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காவிட்டால், அங்கே நிகழ்ந்த தனித்தனிக் குற்றங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப உரிமையாளரே அபராதம் செலுத்த வேண்டும். நட்சத்திர விடுதியில் இப்பணிக்குச் சீருடை அணிந்த ஒருவர் இருப்பார். தேநீர்க்கடையில் பால் காய்ச்சுபவரே உரிமையாளர், காசாளர், இப்போது காவலரும்கூட. நம் பெட்டிக்கடைகளின் தூணில் நெடுங்காலம் தொங்கிய, நுனியில் கனன்றுகொண்டேயிருக்கும் தேங்காய்நார்க் கயிற்றை நடுத்தர வயதினர் நினைவுகூரலாம். தீப்பெட்டிக்கும் காசில்லாதவனுக்கு அது இலவச நெருப்பு. மேற்சொன்ன விதியின்படி, உணவும் விற்கும் கடையில் அந்தக் கயிறு சட்டவிரோதம். கயிறு மறைந்து லைட்டர் கட்டிய நூல் தொங்குகிறது, அதுவும் சட்டவிரோதமே.

புகைப்பவர்களை நோக்கித் திரும்பினால் இதே பிளவு அங்கும் தெரிகிறது. வயதுவந்தோர் புகையிலைப் பயன்பாடு பற்றிய உலகளாவிய ஆய்வின் இந்தியப் பகுதியின்படி, 2009-10இல் ஏதேனுமொரு வகையில் புகையிலை பயன்படுத்தியோர் 34.6 விழுக்காடு; 2016-17இல் 28.6. புகைப்பவர் மட்டும் 14.0இலிருந்து 10.7ஆகக் குறைந்தனர். கர்நாடகத்தில் மொத்தப் பயன்பாடு குறைந்தது, தமிழ்நாட்டில் 16.2இலிருந்து 20.0ஆக உயர்ந்தது. அண்டை மாநிலங்கள், ஒரே நடுவண் சட்டம், எதிரெதிர்த் திசைகள். இடத்தடை ஒன்றையே காரணமாக்கி எழுதப்படும் வெற்றிக் கதைகளையும் தோல்விக் கதைகளையும் இவ்வெண்கள் சற்று நிறுத்தி வைக்கின்றன. எனக்குப் பயன்படுவது வேறோர் எண். 2016-17இல் பீடி புகைத்தோர் 7.7 விழுக்காடு, சிகரெட் புகைத்தோர் 4.0 விழுக்காடு. முப்பது இருக்கைகளுக்கான வரம்புரையால் பயன்பெறக்கூடியவர் சிகரெட் புகைப்பவர், அதிலும் நல்ல உணவகத்துக்குச் செல்பவர். பீடி புகைக்கும் லாரி ஓட்டுநருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் கண்ணாடி அறை ஒருபோதும் கிடைக்கப் போவதில்லை. நட்சத்திர விடுதியின் புகையறையில் பீடி பற்றவைத்தவரை யாரேனும் கண்டதுண்டா? ஆகவே புகைப்பவர் என்ற பொதுப்பெயரும் ஏமாற்றக்கூடியதே. ஒருவருக்குத் தடை என்பது மேசையிலிருந்து எழுந்து கதவு திறந்து செல்லும் பத்தடி தூரம். இன்னொருவருக்கு அது தெருவில் நிற்கையில் காவலர் நீட்டும் ரசீது. கர்நாடகத்தின் புதிய 1000 ரூபாய் முதலாமவருக்கு ஒரு வேளை உணவின் விலை. இரண்டாமவருக்கு ஒரு நாள் கூலி.

இனி, பலரும் கேட்கும் கேள்வி: வருவாய் இழப்பு உண்டா? உலக அனுபவம் ஏறத்தாழத் தெளிவானது. 2004 மார்ச் 29ஆம் நாள் அயர்லாந்து, மதுக்கூடங்கள் உட்பட எல்லாப் பணியிடங்களிலும் புகைத்தலைத் தடை செய்த முதல் நாடாயிற்று. தொழில் அழியும் என்ற முன்னறிவிப்புகள் அங்கும் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் ‘டொபாக்கோ கண்ட்ரோல்’ இதழில் ஸ்கோலோவும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, இத்தலைப்பிலான 97 ஆய்வுகளைத் தரவரிசைப்படுத்தியது. வரிக் கணக்கு போன்ற புறநிலைத் தரவுகளைக் கொண்டு ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆய்வுகள் பாதிப்பில்லை என்றோ சற்று நன்மை என்றோ கண்டன. பேரிழப்பு எனக் கூறியவை உரிமையாளர்களின் அச்சத்தையும் ஊகத்தையும் கேட்டறிந்தவை, புகையிலைத் தொழிலின் ஆதரவோடு வந்தவை. இம்முடிவை நான் ஏற்கிறேன். ஒப்பிட வேண்டுமானால், தமிழ்நாட்டிலிருந்து எழுந்த வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்ற ஆணையிட்டதைப் பாருங்கள். கடைகள் சில மாதங்களுக்குள் இடம்பெயர வேண்டியதாயிற்று. பின்னர் விலக்குகளும் தளர்வுகளும் வந்தன. மெய்யான பாதிப்பின் அரசியல் அப்படித்தான் இருக்கும். புகைத்தடை அத்தகைய கூக்குரல் எதையும் பெரிய உணவகங்களில் எழுப்பவில்லை.

ஆனால் அந்த 97 ஆய்வுகளின் சான்றாதாரம் எது? விற்பனை வரி, வேலைவாய்ப்புப் பதிவு, உரிமங்கள். அத்திபெலேயின் தேநீர்க்கடை இவை எதிலும் இல்லை. அதன் வருவாயில் தேநீரும் சிகரெட்டும் இணைபிரியாதவை. பாக்கெட்டாக அல்ல, ஒன்றிரண்டாக உதிரியில் விற்பதே அங்கு வழக்கம். கர்நாடக அரசு 2017இல் உதிரி விற்பனைக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், புகையிலை விற்கும் கடைகளுக்கு உள்ளாட்சி உரிமம் கட்டாயமாக்கப்பட வேண்டும், அக்கடைகளில் பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றை விற்க அனுமதிக்கலாகாது என நடுவண் நலவாழ்வுத்துறை மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. குழந்தைகளைக் காப்பதே நோக்கம். நோக்கத்தில் குறை காண மாட்டேன். எனினும், ஏட்டளவில் இது பெட்டிக்கடை என்னும் நிறுவனத்தையே கலைக்கும் அறிவுரை. கடைகள் கலையவில்லை. அவை வழக்கம்போல இயங்கின. சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சோதனைக்கு வருபவரிடம் அவ்வப்போது ஈடுகட்டின. இந்த ஈடுகட்டலே தடையின் மெய்யான பொருளாதார விளைவு; எந்தக் கணக்கேட்டிலும் அது பதிவாகாது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித்துறை யுபிஐ பரிவர்த்தனைகளைக் கொண்டு சிறுகடைகளுக்கு ஜிஎஸ்டி அறிவிக்கை அனுப்பியபோது, பெங்களூரின் தேநீர்க்கடைகளும் பேக்கரிகளும் திடீரென அரசின் கண்ணுக்குத் தென்பட்டன. பொருளியல் மாணவர் யாரேனும் துணிந்தால், அத்தரவுகளிலிருந்து ஒரு நல்ல ஆய்வேடு பிறக்கும்.

ஹூக்கா இக்கதையின் கிளை. முப்பது இருக்கைகளுக்கான வரம்புரையைத் தொழிலாக மாற்றியவை ஹூக்கா மதுக்கூடங்கள். மும்பை மாநகராட்சியின் உரிம நிபந்தனைகளை எதிர்த்த வழக்கில், 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஹூக்காவும் புகைத்தலே, சட்டம் அனுமதித்த தனியிடத்தில் அதை மாநகராட்சி தடுக்க முடியாது என்றது. 2017 மே மாதத் திருத்த விதிகள், புகையிடத்தில் எந்தச் சேவையும் கூடாது என்றன. ஆனாலும் கூடங்கள் பெருகின. தமிழ்நாடு 2022இல் திருத்தச் சட்டம் இயற்றி, 2023 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று அவற்றைத் தடை செய்தது. கர்நாடகம் 2024 பிப்ரவரியில் ஆணை பிறப்பித்தது. அதற்கு முந்தைய அக்டோபரில் கோரமங்களாவில் ஒரு காப்பியகத்தில் மூண்ட பெருந்தீ மக்கள் மனதிலிருந்து அகன்றிருக்கவில்லை. அதே மாதம் சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேறியது. ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ஆணையை உறுதி செய்தது. 2025இல் ஒப்புதலோடு நடைமுறைக்கு வந்த அத்திருத்தமே நாம் தொடக்கத்தில் கண்ட 1000 ரூபாயையும் 21 வயதையும் அத்திபெலேக்குக் கொண்டுவந்தது.

இவ்வளவு வழக்குகளிலும் விதிகளிலும் யார் இல்லை என்று பார்த்தால், பரிமாறுபவர் இல்லை. அயர்லாந்தின் தடை பணியிடப் பாதுகாப்பு என்னும் மொழியில் கட்டப்பட்டது. மதுக்கூடத் தொழிலாளியின் நுரையீரலே அதன் அறநெறி மையம். வாடிக்கையாளர் விரும்பினால் வேறிடம் செல்லலாம், பணியாளர் எட்டு மணிநேரமும் அங்கேயே நின்றாக வேண்டும் என்ற எளிய வாதத்துக்கு எதிர்வாதம் இல்லை. இந்தியாவில் வழக்காடியவர்கள் பயணிகள், அரசியலர், விடுதி உரிமையாளர், சிகரெட் நிறுவனம், ஹூக்காக் கூட உரிமையாளர். விதிகள் பணியிடத்தைப் பொது இடமாக வரையறுத்தன என்பது உண்மையே. ஆயினும் புகையறையின் தரையைப் பெருக்குபவரும் சாம்பலை அள்ளுபவரும் யாருடைய மனுவிலும் பேசவில்லை. உணவகத் தொழிலுக்கு என்ன நேர்ந்தது என்று நாம் கேட்டபோதெல்லாம் முதலாளிக்கு என்ன நேர்ந்தது என்றே பொருள்கொண்டோம். அத்திபெலேயின் தாபாக்களில் மேசை துடைக்கும் இளைஞர்களுக்கு, திறந்தவெளி உணவகமே என்ற அந்த 2008ஆம் ஆண்டு வரையறை முழுமையாக நடைமுறைப்பட்டால் கிடைக்கும் பயன், எந்த விடுதிச் சங்கமும் அடைந்த இழப்பைவிடப் பெரிது என்பதே என் மதிப்பீடு.

புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக ஒப்பந்தத்தில் இந்தியா 2004 பிப்ரவரியில் இணைந்தது. அதன் எட்டாம் உறுப்புக்கான வழிகாட்டுதல்கள் 2007இல் பாங்காக்கில் ஏற்கப்பட்டன. தனியறையும் காற்றுப்போக்கியும் போதாது, முழுமையான புகையின்மையே பாதுகாப்பு என்று அவை தெளிவாகக் கூறின. நம் 2008ஆம் ஆண்டின் விதிகள் அதன்பின் வந்தும் தனியறையைக் காத்தன. 2020இன் இறுதியில் மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்ட நடுவண் திருத்த வரைவு, விடுதிகளிலும் உணவகங்களிலும் புகையிடத்தை நீக்க முன்மொழிந்தது. அவ்வரைவு சட்டமாகவில்லை. 2024இல் தன் திருத்தத்தை எழுதிய கர்நாடகம் அபராதத்தை ஐந்து மடங்காக்கியது, வயது வரம்பை உயர்த்தியது, ஹூக்காவுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. முப்பது அறைகளுக்கும் முப்பது இருக்கைகளுக்கும் உரிய வரம்புரையை மட்டும் இருந்தபடியே விட்டுவைத்தது.